பாட்டு கடைசியில்தான் வரும்: கவுண்ட் பேஸியின் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ இசைத்தட்டைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த இசைத்தட்டை முதல்முறை கேட்டபோது பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். பியானோ கொஞ்ச நேரம் எதையோ உருட்டியது. ஒருவர் சாக்ஸபோன் வாசித்தார், இன்னொருவர் டிராம்போன் வாசித்தார், மறுபடி ஒரு சாக்ஸபோன், அப்புறம் டிரம்பெட். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. பல்லவியே பாடாமல் கச்சேரியை முடித்துவிட்டார்களே என்று தோன்றியது. உண்மையில் பல்லவி வந்திருந்தது. கடைசி ஐம்பது விநாடியில் வந்தது. அதற்குள் என் கவனம் எங்கோ போய்விட்டது.

ஸ்விங் ஜாஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் இதுதான் நடக்கிறது. மெட்டைத் தேடும் காதோடு போகிறோம். இந்த இசையோ மெட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் தரையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு விஷயத்தை மட்டும் கேட்கப்போகிறோம். மொத்தம் ஏழெட்டு முறை கேட்க வேண்டியிருக்கும். அரைமணி நேர வேலை.

முதலில், சரியான பதிவைப் பிடியுங்கள்

நமக்கு வேண்டியது 1937 ஜூலை 7 அன்று நியூயார்க்கில் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவானது. பேஸி இதே உருப்படியைப் பிற்காலத்தில் பலமுறை மறுபடி பதிவு செய்திருக்கிறார். 1950களுக்குப் பிந்தைய பதிவுகள் ஒலியில் பளபளப்பாக இருக்கும், குழுவும் பெரிதாக இருக்கும். ஆனால் அதில் சாக்ஸபோன் வாசித்த லெஸ்டர் யங் இல்லை, ஹெர்ஷல் எவன்ஸ் இல்லை, பாஸ் என்ற கீழ்ச்சுர நரம்புக் கருவியை வாசித்த வால்ட்டர் பேஜ் இல்லை. தேடும்போது ‘1937’, ‘டெக்கா’ என்ற இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். நீளம் மூன்று நிமிடத்தை ஒட்டி இருந்தால் அநேகமாக அதுதான்.

அந்தக் காலத்துப் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். நடனக்கூடத்தில் இதே உருப்படி அதைவிடப் பல மடங்கு நீளும். தட்டுக்காகச் சுருக்கியதில்தான் இதன் கட்டுக்கோப்பு இவ்வளவு இறுகிப்போனது என்பது என் எண்ணம்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பாஸ் காணாமல் போய்விடும். பாஸ் போனால் இந்தப் பதிவில் பாதி போயிற்று. ஹெட்போன் போதும். இன்னொன்று: பழைய தட்டின் இரைச்சலை ரொம்பச் சுத்தம் செய்த பிரதிகள் உண்டு. இரைச்சலோடு சேர்த்து டிரம்ஸின் சிம்பல் ஒலியையும் துடைத்திருப்பார்கள். கொஞ்சம் ‘சர்ர்’ என்று இருக்கும் பிரதியே நமக்கு நல்லது.

யார் இவர்கள், எங்கிருந்து வந்தார்கள்

வில்லியம் பேஸி (‘கவுண்ட்’ என்பது பட்டப்பெயர்) 1904-ல் நியூஜெர்சியின் ரெட் பேங்கில் பிறந்தவர். ஃபேட்ஸ் வாலர் என்ற பியானோக்காரரைப் பார்த்துப் பழகியவர். இடது கை தாவித் தாவி வாசிக்கும் ஸ்ட்ரைட் பாணி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஊர் ஊராகப் போன ஒரு நாடகக் குழுவோடு கான்சஸ் சிட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார்.

கான்சஸ் சிட்டி அப்போது அரசியல் தாதா டாம் பெண்டர்காஸ்ட்டின் பிடியில் இருந்தது. மதுவிலக்கு அங்கே பெயருக்குத்தான். நாடெங்கும் பொருளாதார மந்தம் வாட்டியபோதும் அந்த ஊரில் இரவு விடுதிகள் விடிய விடியத் திறந்திருந்தன. விடுதிகள் திறந்திருந்தால் இசைக்காரர்களுக்கு வேலை உண்டு. வேலை முடிந்தபின் ஒருவரோடொருவர் மோதிப் பார்க்க இரவும் உண்டு. பிளூஸ் என்ற பாட்டு வடிவத்தில் ஒன்றையே மணிக்கணக்கில் வாசிக்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது இப்படித்தான்.

பென்னி மோட்டன் என்பவரின் குழுவில் பேஸி பியானோ வாசித்தார். அந்தக் குழு 1932 டிசம்பரில் நியூஜெர்சியின் கேம்டனில் பதிவு செய்த ‘மோட்டன் ஸ்விங்’ என்ற தட்டைப் பிற்பாடு கேளுங்கள். நாம் கேட்கப்போகும் லயத்தின் விதை அதில் இருக்கிறது. 1935-ல் மோட்டன் டான்சில் அறுவை சிகிச்சையில் இறந்துபோனார். அந்தக் குழுவில் இருந்தவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு பேஸி ரெனோ கிளப் என்ற சிறிய விடுதியில் ஒன்பது பேர் குழுவை அமைத்தார். அங்கிருந்து ஒரு பரிசோதனை வானொலி நிலையம் இரவில் அவர்கள் இசையை ஒலிபரப்பியது. சிகாகோவில் தன் கார் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த ஜான் ஹாமண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் காதில் அது விழுந்தது. அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது.

ஹாமண்ட் ஒப்பந்தத்தோடு வருவதற்குள் டெக்கா முந்திக்கொண்டது. 24 இசைத்தட்டுப் பக்கங்களுக்கு 750 டாலர், ராயல்டி கிடையாது. ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ அந்த 24-க்குள் அடக்கம். பேஸி அதன்பின் வாழ்நாள் முழுக்கத் தன் குழுவின் அடையாள இசையாக வாசித்தது, அவருக்கு ராயல்டி இல்லாமல் விற்ற ஒரு தட்டு.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. குழுவினர் இதற்கு வைத்திருந்த பழைய பெயர் வானொலியில் சொல்லக் கூடாத கொச்சை. அறிவிப்பாளர் தயங்க, மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து இந்தப் பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

முதல் முறை: எண்ணுங்கள், வேறெதுவும் வேண்டாம்

இசையின் அழகை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கணக்கு மட்டும்.

இது பன்னிரண்டு பார் பிளூஸ். ஒரு பாருக்கு நான்கு அடி. பன்னிரண்டு பார் சேர்ந்தால் நாற்பத்தெட்டு அடி. அது ஒரு சுற்று. ஜாஸ்காரர்கள் இதைக் கோரஸ் என்பார்கள். நாம் கோரஸ் என்றால் கூட்டாகப் பாடுவது என்று எடுத்துக்கொள்வோம் என்பதால் நான் சுற்று என்றே சொல்கிறேன்.

ஆதி தாளம் போடத் தெரிந்தால் உங்களுக்கு வேலை சுலபம். ஒரு ஆவர்த்தனம் எட்டு அடி, அதாவது இரண்டு பார். ஆறு ஆவர்த்தனம் ஒரு சுற்று. கீழே இருக்கும் கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம், எப்போது மாறுகிறது என்று பார்த்தால் அதுவும் ஆவர்த்தனக் கணக்கில் அழகாக உட்காரும். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஷட்ஜத்தில் நிற்கும் கோர்ட். மூன்றாவது மத்யமத்துக்குப் போகும். நான்காவது ஷட்ஜத்துக்குத் திரும்பும். ஐந்தாவது பஞ்சமம். ஆறாவது மறுபடி வீடு. ஸ, ஸ, ம, ஸ, ப, ஸ. இடையில் சின்னச் சின்ன மாற்றங்கள் வரும், ஆனால் எலும்புக்கூடு இதுதான். மூன்றாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் தரை லேசாக நகர்வது போல ஓர் உணர்வு வரும். அதைப் பிடித்துவிட்டால் இனி எந்த பிளூஸிலும் தொலைந்துபோக மாட்டீர்கள்.

தாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு நாலாக எண்ணி, ஒவ்வொரு நாலுக்கும் ஒரு விரல் மடக்குங்கள். பன்னிரண்டாவது விரலுக்குக் கை போதாது, அவ்வளவுதான்.

ஒரு சுற்று சுமார் 17 விநாடி ஓடும். எட்டு பார் பியானோ முன்னுரை முடிந்ததும் மொத்தம் பத்துச் சுற்று. வரைபடம் இப்படி. பிரதியின் வேகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு விநாடி முன்பின் இருக்கலாம்:

0:00 பியானோ முன்னுரை
0:11 பியானோ, இரண்டு சுற்று
0:45 ஹெர்ஷல் எவன்ஸ், டெனர் சாக்ஸபோன்
1:02 ஜார்ஜ் ஹண்ட், டிராம்போன்
1:19 லெஸ்டர் யங், டெனர் சாக்ஸபோன்
1:35 பக் கிளேட்டன், டிரம்பெட்
1:52 பியானோவும் தாளக் குழுவும்
2:09 முழுக் குழு, மூன்று சுற்று

எவன்ஸ் நுழைவதற்குச் சற்று முன்னால் ஒரு விஷயம் நடக்கும். அதுவரை எஃப் மேஜரில் இருந்த இசையை பேஸி டி-பிளாட்டுக்குக் கொண்டுபோவார். தம்புராவை நிறுத்தி வேறு சுருதிக்குத் திருப்பி மீட்டியது போல இருக்கும். அறை ஒன்றிலிருந்து இன்னொரு பெரிய அறைக்குள் நுழைகிறோம், அங்கே குழு காத்திருக்கிறது. அதுவரை வாசித்தது வாசல் திண்ணை.

இரண்டாம் முறை: எங்கே கைதட்டுவது

நம் ஊர்க் கை முதல் அடியில்தான் விழும். இந்த இசைக்கு அப்படித் தட்டினால் ஊர்வலம் போலாகிவிடும். இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் தட்டுங்கள். முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் கால். ஆரம்பத்தில் கை தானாகவே ஒன்றுக்கு நழுவும். எனக்கு இது படிய ஒரு வாரம் ஆயிற்று.

அப்புறம், ஸ்விங் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி. ஓர் அடியை இரண்டாகப் பிரிக்கும்போது இரண்டும் சமமாக இருக்காது. முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி குறுகல். வாயால் சொல்லிப் பார்க்க எளிய வழி: ‘தகிட தகிட தகிட தகிட’ என்று திஸ்ரத்தில் சொல்லுங்கள். இப்போது நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிடுங்கள். ‘த…ட த…ட த…ட த…ட’. கிட்டத்தட்ட அதுதான். கிட்டத்தட்ட என்பதை அடிக்கோடிட வேண்டும். இந்த விகிதம் ஆளுக்கு ஆள், வேகத்துக்கு வேகம் மாறும். வேகம் கூடினால் இரண்டு பாதியும் சமத்தை நோக்கி நகரும். லெஸ்டர் யங் நிதானமான வேகத்திலும் சமத்துக்குப் பக்கத்தில் நின்று, கூடவே அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்துகொள்வார். எழுதிக் காட்ட முடியாத விஷயம் இது. வாயால் சொல்லிப் பழகினால்தான் உண்டு.

மூன்றாம் முறை: தரையைக் கேளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு. நேரம் இருந்தால் இந்தப் படியை மட்டும் இரண்டு மூன்று முறை செய்யுங்கள். குழலோசைகள் எல்லாம் வெளியே போகும் வண்டிச் சத்தம் என்று வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் நால்வரை மட்டும் பிடியுங்கள்: பியானோவில் பேஸி, கிட்டாரில் ஃபிரெடி கிரீன், பாஸில் வால்ட்டர் பேஜ், டிரம்ஸில் ஜோ ஜோன்ஸ்.

வால்ட்டர் பேஜிலிருந்து தொடங்குவோம். 1920களின் ஜாஸ் குழுக்களில் அடிச்சுரத்தைப் பெரும்பாலும் டியூபா என்ற ஊதுகருவிதான் பிடித்தது. ஊதுகிறவர் மூச்சு விட வேண்டும் இல்லையா, அதனால் பாருக்கு இரண்டு அடி: ஒன்றிலும் மூன்றிலும் ‘பூம், பூம்’. மோட்டனின் பழைய தட்டுகள் அப்படித்தான் குதிக்கும். நரம்பு பாஸுக்கு மூச்சு வாங்காது. பேஜ் அதில் நான்கு அடிக்கும் நான்கு சுரம் வைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படி ஏறி இறங்குவது போல நடந்தார். வாக்கிங் பாஸ் என்பது இதுதான். அவர் மட்டும் கண்டுபிடித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை ஒரு குழுவின் முதுகெலும்பாக ஆக்கியவர்களில் முதல் வரிசை அவர். இரண்டு அடிக்குப் பதில் நான்கு அடி விழுந்ததும் இசை குதிப்பதை விட்டு ஓட ஆரம்பித்தது.

அடுத்து ஃபிரெடி கிரீன். இவரைத் தனியாகக் கேட்பது கஷ்டம். கேட்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், அவர் விரும்பியதே அதுதான். ஒலிபெருக்கி இணைக்காத கிட்டார். பாருக்கு நான்கு தட்டல், ‘சக் சக் சக் சக்’. பாஸ் சுரத்தின் விளிம்பில் ஒரு சின்னக் கரகரப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது கிரீன். 1937-ன் தொடக்கத்தில் குழுவில் சேர்ந்தவர், 1987-ல் இறக்கும் வரை கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அந்த ‘சக் சக்’கை வாசித்தார். சோலோ வாசிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். சாம்பாரில் உப்பு என்று சொன்னால் தேய்ந்த உவமைதான், ஆனால் அவரை எடுத்துவிட்டுக் கேட்டவர்கள் வேறு எப்படியும் சொல்ல முடியாது.

ஜோ ஜோன்ஸ் செய்தது ஓர் இடமாற்றம். அதுவரை டிரம்ஸ்காரர்கள் காலால் மிதிக்கும் பெரிய பாஸ் டிரம்மில் தாளத்தைப் பிடித்தார்கள். கனமான ‘தும் தும்’. ஜோன்ஸ் அந்தப் பொறுப்பைக் கால்மிதியில் திறந்து மூடும் இரட்டைச் சிம்பலுக்கு, ஹை-ஹாட்டுக்கு, மாற்றினார். பாஸ் டிரம்மைத் தொட்டும் தொடாமலும் மிதித்தார். விளைவு என்ன? கீழே இடம் காலியாயிற்று, அந்த இடத்தில் வால்ட்டர் பேஜின் பாஸ் தெளிவாகக் கேட்டது. மேலே ‘ட்சீ…ச்ச-ட்சீ…ச்ச’ என்று தொடர்ந்து மூச்சு விடும் ஒரு சிம்பல் ஒலி. இரண்டாம், நான்காம் அடியில் அது மூடிக்கொள்வதைக் கவனியுங்கள். நீங்கள் கைதட்டிய அதே இடம்.

இந்த மூன்று பேரும் ஒரே காலப்பிரமாணத்தை மூன்று விதமாகச் சொல்கிறார்கள். யாரும் யார் மேலும் ஏறுவதில்லை. பியானோ இல்லாமலே தாளம் முழுதாக நிற்கிறது. அதனால்தான் பேஸிக்குக் கிடைத்தது அந்தச் சுதந்திரம்.

நான்காம் முறை: பேஸி வாசிக்காத இடங்கள்

முன்னுரையையும் முதல் இரண்டு சுற்றையும் கேளுங்கள். இடது கை கீழே ஒரே உருவை உருட்டிக்கொண்டிருக்கிறது, வலது கை அதன்மேல் பேசுகிறது. கான்சஸ் சிட்டி மதுக்கடைப் பியானோவின் வாடை அதில் இருக்கிறது. ஸ்ட்ரைடும், இப்படி இடது கை உருட்டும் பூகி-ஊகியும் தெரிந்த ஒருவர் வாசிக்கிறார் என்று புரியும்.

இப்போது நேராக 1:52-க்குப் போங்கள். கிளேட்டனின் டிரம்பெட் முடிந்ததும் முழுக் குழு வெடிக்கும் என்று எதிர்பார்ப்போம். நான்கு சோலோ ஆயிற்று, சூடு ஏறியிருக்கிறது, நியாயமாக அடுத்து உச்சம். பேஸி அதற்கு மாறாக எல்லாரையும் நிறுத்திவிடுகிறார். பாஸ், கிட்டார், டிரம்ஸ் மட்டும் ஓடுகின்றன. அதன்மேல் பியானோ மேல்ஸ்தாயியில் அங்கொன்று இங்கொன்றாகச் சுரங்களை வைக்கிறது. சில துளி, அப்புறம் வெறுமை, மறுபடி சில துளி. முதல் நிமிடத்தில் இரண்டு கையாலும் உழுத அதே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

வாசிக்கத் தெரியாதவர் குறைவாக வாசிப்பது ஒன்று, எல்லாம் தெரிந்தவர் குறைவாக வாசிப்பது வேறு. அந்தத் துளிகள் விழும் இடத்தைக் கவனியுங்கள். அடியின் மேல் விழுவதில்லை, அடிக்குப் பக்கத்தில் விழுகின்றன. பேஜ் நடக்கிறார், பேஸி அவர் தோளைத் தட்டுகிறார். இந்த 17 விநாடிதான் இந்தத் தட்டின் ஆகச் சிறந்த பகுதி என்பேன். சத்தமான இடங்களை விட்டுவிட்டு இதைச் சொல்கிறானே என்று நண்பர்கள் கேலி செய்ததுண்டு. சரி, செய்யட்டும்.

ஐந்தாம் முறை: இரண்டு டெனர்கள்

0:45-ல் எவன்ஸ், 1:19-ல் யங். இருவரும் வாசிப்பது ஒரே கருவி, டெனர் சாக்ஸபோன். இருவரும் 1909-ல் பிறந்தவர்கள். ஒரே குழு, ஒரே பிளூஸ், ஒரே சுருதி, ஆளுக்கு ஒரு சுற்று. இவ்வளவும் ஒன்றாக இருந்து, கேட்டால் இரண்டு வேறு உலகம். நாதம் என்றால் என்ன என்று யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் இந்த இரண்டு சுற்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன்.

எவன்ஸ் டெக்சாஸ்காரர். அவர் குரல் கனமானது, சதைப்பிடிப்பானது. சுரத்தின் முடிவில் அதிர்வு அகலமாக அசையும். கோல்மன் ஹாக்கின்ஸ் என்ற மூத்த டெனர்காரர் வகுத்த வழியில் வந்த, அன்றைக்கு டெனர் என்றாலே இப்படித்தான் என்று எல்லாரும் நம்பிய ஒலி அது. குரலில் ஒரு முறையீடு இருக்கும்.

யங்கின் ஒலி மெலிசு. அதிர்வு மிகக் குறைவு. காற்று அதிகம், எடை குறைவு. சுற்று தொடங்கும் இடத்தைக் கூர்ந்து கேளுங்கள். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதுகிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் நிறம் மாறுகிறது. ஒருமுறை திறந்து, ஒருமுறை மூடி. வேறு வேறு விரல் பிடிப்பில் அதே சுரத்தைப் பிடிக்கும் வித்தை இது. மெட்டே இல்லாமல், ஒற்றைச் சுரத்தில் நிறத்தையும் லயத்தையும் வைத்தே ஒரு பேச்சைத் தொடங்கிவிடுகிறார். அப்புறம்தான் கோடு நீள்கிறது. அந்த நீளமும் பார் எங்கே முடிகிறது என்று பார்த்து முடிவதில்லை. வாக்கியம் முடியும் இடத்தில் முடிகிறது.

அன்றைக்குப் பலருக்கு யங்கின் ஒலி பிடிக்கவில்லை. முன்பு ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் ஹாக்கின்ஸின் இடத்துக்குப் போனபோது, ஹாக்கின்ஸ் போல ஊது என்று அங்கே நச்சரித்து, கொஞ்ச காலத்தில் அவரே வெளியேறும்படி ஆயிற்று. பேஸி இந்த வேறுபாட்டை ஒரு குறையாகப் பார்க்காமல் மேடையின் இரண்டு ஓரத்தில் இரண்டு டெனரை உட்காரவைத்து, ஒருவருக்கு ஒருவர் பதில் என்று ஆக்கிக்கொண்டார். எவன்ஸ் 1939-ன் தொடக்கத்தில், முப்பது நிறைவதற்கு முன்பே, இதயநோயால் இறந்துவிட்டார். இரண்டு டெனர் என்ற ஏற்பாட்டைப் பேஸி அதன்பிறகும் விடவில்லை.

இடையில் வரும் ஜார்ஜ் ஹண்ட்டின் டிராம்போன் நேர்மையான வேலை. அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பக் கிளேட்டனின் டிரம்பெட் வேறு தரம். சுத்தமான தொடக்கம், கத்தாத உயரம், ஒவ்வொரு சொற்றொடரும் மடித்து வைத்த துணி போல ஒழுங்கு. ஷாங்காய் நடனக்கூடம் ஒன்றில் குழு நடத்திவிட்டு வந்தவர் அவர்.

ஆறாம் முறை: முதுகுக்குப் பின்னால் நடப்பது

சோலோ வாசிப்பவரை இப்போது விட்டுவிடுங்கள். அவருக்குப் பின்னால் ஒரு சின்னச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். அதுதான் ரிஃப். ஒரு முறை உண்டு: சாக்ஸபோன் முன்னால் வாசித்தால் பின்னால் பித்தளைக் கருவிகள், பித்தளை முன்னால் என்றால் பின்னால் சாக்ஸபோன்கள். எவன்ஸுக்குப் பின்னால் ஒலி அடக்கிய டிரம்பெட்கள். ஹண்ட்டுக்குப் பின்னால் சாக்ஸபோன்கள். யங்குக்கு மறுபடி பித்தளை, கிளேட்டனுக்கு மறுபடி சாக்ஸபோன். நிறம் மாறி மாறி வருவதால் இரண்டும் ஒன்றோடொன்று கலங்குவதில்லை. 1937-ல் இசையை நேராக மெழுகுத் தட்டில்தான் வெட்டினார்கள். ஒலியைப் பிற்பாடு கூட்டிக் குறைக்க வழி கிடையாது. ஆகவே இந்தத் தெளிவு முழுக்க வாசித்தவர்கள் கையில்தான் இருந்தது.

இவை எழுதிக் கொடுத்தவை அல்ல என்பது முக்கியம். நியூயார்க்கில் ஹெண்டர்சன் போன்றவர்களின் குழுக்கள் எழுத்துப் பிரதியைப் பார்த்து வாசித்தன. கான்சஸ் சிட்டியில் யாராவது ஒருவர் ஒரு சொற்றொடரை ஊதிக் காட்டுவார், பக்கத்தில் இருப்பவர் அதற்கு மேல்சுரம் கண்டுபிடிப்பார், அடுத்த வரிசை ஒரு பதிலைத் தயார் செய்யும். மனதில் நின்றது நிற்கும், மற்றது போகும். இதை ‘ஹெட் அரேஞ்ச்மென்ட்’ என்பார்கள். காகிதத்தில் இல்லாமல் தலையில் இருக்கும் அமைப்பு. இந்த உருப்படி உருவானதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த பஸ்டர் ஸ்மித்துக்கும், டிராம்போனும் கிட்டாரும் வாசித்த எடி டர்ஹாமுக்கும் பெரிய பங்கு உண்டு. தட்டில் எழுதியிருப்பது பேஸியின் பெயர் மட்டும். இப்படி ஊர்கூடிச் செய்த பண்டத்துக்கு ஒருவர் பெயரில் பட்டா எழுதுவது அந்தக் காலத்து வழக்கம், நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஏழாம் முறை: கடைசி மூன்று சுற்று

இப்போது 2:09-லிருந்து. பேஸியின் துளிகள் ஓய்ந்த இடத்தில் முழுக் குழுவும் நுழைகிறது. சாக்ஸபோன் வரிசைக்கு ஒரு ரிஃப், டிரம்பெட் வரிசைக்கு ஒன்று, டிராம்போனுக்கு ஒன்று. மூன்றும் ஒன்றன் இடைவெளியில் இன்னொன்று பொருந்துகிறது. சுற்றுக்குச் சுற்று ரிஃப் மாறும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் குழந்தைகூடப் பாடிவிடும். அடுக்கிவைத்தால்தான் மலைப்பு.

மூன்று சுற்றையும் மூன்று தடவை கேளுங்கள்: ஒருமுறை சாக்ஸபோனை மட்டும் வாயால் முணுமுணுத்து, ஒருமுறை டிரம்பெட்டை, ஒருமுறை கீழே இன்னமும் நிற்காமல் நடந்துகொண்டிருக்கும் பேஜை. மூன்றாவதுதான் கடினம். இத்தனை சத்தத்துக்குள்ளும் அந்த நான்கு அடி மாறவே இல்லை, வேகம் கூடவில்லை. சூடு ஏறினால் வேகமும் ஏறுவதுதான் இயல்பு. இவர்கள் ஏறவிடவில்லை.

கடைசிச் சுற்றில் வரும் ரிஃப்தான் உலகம் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ என்று அறிந்த மெட்டு. மற்ற குழுக்கள் இதை எடுத்து வாசித்தபோது அடையாளமாகப் பிடித்துக்கொண்டது அதைத்தான். அதிலும் ஒரு பங்கு இரவல். டான் ரெட்மன் என்ற ஜாஸ் இசைக்காரரின் 1929-ஆம் ஆண்டு உருப்படி ஒன்றில் தலைகாட்டிய ரிஃப் இங்கே வந்து குடியேறியது. இரவல் வாங்குவதை அந்த ஊரில் யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

நான் முதல்முறை தவறவிட்ட பாட்டு இதுதான். பாட்டைத் தொடக்கத்தில் அறிவித்துவிட்டு அதை விரித்துக்கொண்டு போவது நமக்குப் பழகிய முறை. இங்கே தரை, சுவர், ஆட்கள் எல்லாம் வந்துசேர்ந்தபின் கடைசியில் பாட்டு கதவைத் தட்டுகிறது.

இனி எதோடு ஒப்பிடலாம்

முதலில் பின்னால் போங்கள். மேலே சொன்ன ‘மோட்டன் ஸ்விங்’, 1932. அதிலும் பியானோ பேஸிதான், பாஸ் பேஜ்தான். ஆனால் கிரீனும் ஜோ ஜோன்ஸும் இன்னும் வரவில்லை. பாஸ் ஓடத் தயாராக இருக்கிறது, டிரம்ஸ் இன்னும் பழைய வீட்டை முழுதாகக் காலி செய்யவில்லை. ஐந்து ஆண்டு இடைவெளியில் என்ன மாறியது என்று உங்கள் காதே சொல்லும்.

அப்புறம் பக்கத்தில் போங்கள். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பென்னி குட்மன் குழு இதே ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’பை வாசித்த பதிவு இருக்கிறது. அபாரமான குழு, டிரம்ஸில் ஜீன் க்ரூபா. அவர் தாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழுகிறது. கூட்டம் கொண்டாடியது நியாயமே. இரண்டையும் கேட்டபின் எனக்கு க்ரூபா உழைப்பது கேட்கிறது, ஜோன்ஸ் உழைப்பது கேட்கவில்லை. உங்களுக்கு எதிர்மாறாகவும் தோன்றலாம். குட்மன் பதிவின் பாஸ் டிரம்மையும் பேஸி பதிவின் ஹை-ஹாட்டையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே அன்றிரவு மேடையில் விருந்தினர்களாகப் பேஸி, யங், கிளேட்டன், கிரீன், பேஜ் ஏறி குட்மன் ஆட்களோடு கலந்து வாசித்த நீளமான பகுதியும் பதிவில் உண்டு. அதில் டிரம்ஸில் க்ரூபா, பாஸில் பேஜ். பேஜின் நான்கு அடி அங்கே எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தேடிப் பாருங்கள்.